இடுப்பு உயரம்

விருத்தாசலம்
14.2.1993

அன்புத் தம்பி பூபாலனுக்கு,

அக்கா சிவகாமசுந்தரி எழுதுகிறேன். சளி விட்டதா? அம்பத்தூரில் கொசு அதிகம் என்று எழுதியிருந்தாய். வேப்பிலைப் புகை போடு. கொசுவத்திக்குக் காசைக் கொட்டாதே. இங்கே அகல்யாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உன் பெயரைப் ‘பூபாழன்’ என்கிறாள். கார்த்திகையில் பட்ட லேசான அடி ஆறி, உன் மாமா நன்றாக இருக்கிறார். பொங்கலுக்கு வர வேண்டாம் என்று எழுதியதில் உனக்கு வருத்தம் இருக்கும். நாங்கள் ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு விவரம் வேண்டும். மெட்ராஸில் பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் மோட்டார் சைக்கிளை மேலே தூக்கி நிறுத்தி, நின்றுகொண்டே வேலை செய்கிறார்களாமே. அந்த லிப்டு என்ன விலை? பழையது கிடைக்குமா? நீ இரும்பு வேலையில் இருப்பதால் உனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டை ஒட்டிய நம் ஷெட்டுக்கு இப்போது வண்டிகள் நிறைய வருகின்றன. வேப்பூர் கரும்பு ஆபீசின் ஐந்து புல்லட்டுகளையும் வருஷம் முழுக்க நாமே பார்ப்பதாக ஏற்பாடு. இந்த வீடு ஓடுவது அதில்தான். குந்தி உட்கார்ந்து செய்தால் வேலை நகரமாட்டேன் என்கிறது. சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் ஐந்தும் வேறு ஷெட்டுக்குப் போய்விடும். அதனால் சீக்கிரம் பதில் போடு. மாமாவுக்கு எழுத நேரமில்லை.

வயிற்றைக் காயப்போடாதே.

உன் அக்கா
சிவகாமசுந்தரி


அம்பத்தூர்
27.2.1993

அக்காவுக்கு வணக்கம்.

சளி போய் இருமல் வந்திருக்கிறது. அதுவும் போய்விடும். அகல்யாவின் பற்களைக் கூரைமேல் எறிந்தாயா?

உன் கடிதத்தை எங்கள் ஒர்க்‌ஷாப்பின் மூத்த வெல்டர் மாயவன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். “உங்க மாமா என்னா, ஃபேன் போட்டு சேர் போட்டு வேலை செய்யப் போறாரா?” என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். புல்லட்டின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பீடி பற்றவைக்கிற மனுஷனுக்கு லிப்டு எதற்கு அக்கா?

சரி, விசாரித்ததை எழுதுகிறேன். பெரிய சர்வீஸ் ஸ்டேஷனில் இருப்பது வெளிநாட்டு மேசை. கரண்டில் ஆயில் பம்ப் ஓடி மேசையே மேலே எழும்புகிறது. விலையைக் கேட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். புதுப்பேட்டையில் அதே மாதிரி பழையது ஒன்று கிடந்தது. ஆயில் ஒழுகுகிறது. உள்சாமான் கிடைக்காது.

அடுத்தது செயின் பிளாக். உத்தரத்தில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால் வண்டி அந்தரத்தில் தொங்கும். விலை பரவாயில்லை. ஆனால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற வண்டியில் நட்டு இறுக்க முடியாது.

மாமாவுக்குச் சரிப்படுவது செங்கல் மேடை. இரண்டடி உயரம், முன்னால் ஒரு சாய்வு. வண்டியைத் தள்ளி ஏற்றவேண்டியதுதான். செலவு கொஞ்சம்தான். தள்ள இரண்டு ஆள் வேண்டும் என்பார்கள். மாமா ஒருவரே போதும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

பூபாலன்


விருத்தாசலம்
9.3.1993

அன்புத் தம்பிக்கு,

இருமலுக்கு மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் குடி. பால் கிடைக்காவிட்டால் வெந்நீரில் போடு. நாங்கள் சுகமாக இருக்கிறோம்.

செங்கல் மேடை வேண்டாம். ஷெட்டு எட்டடி அகலம்தான். மேடை கட்டினால் நடக்க இடம் இருக்காது. சங்கிலியும் ஆகாது, உத்தரம் சவுக்குக் கட்டை. தள்ளி ஏற்றுகிற சங்கதியே வேண்டாம் என்று பார்க்கிறேன். வண்டி தரையிலேயே அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். அப்புறம் அது மேலே போக வேண்டும். பலமில்லாத ஆள்கூட இயக்குகிற மாதிரி இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா, கேட்டுப் பார்.

நேற்று கரும்பு ஆபீஸ் தங்கதுரை சார் வந்திருந்தார். கேட்டைப் பாதி திறந்து சாவியை வாங்கினேன். “ரத்தினவேலு எங்கம்மா?” என்றார். “உள்ள வேலையா இருக்காருங்க” என்றேன். உள்ளேயிருந்து உன் மாமா, “சாவிய குடுத்துட்டுப் போங்க சார்! நாளைக்கு வந்து பாருங்க, வண்டி உங்கள ஓட்டிக்கிட்டுப் போவும்!” என்று குரல் கொடுத்தார். “கொரலு நல்லாத்தான் இருக்குது, ஆளத்தான் காணும்” என்று சிரித்துக்கொண்டே போனார். தெருவில் எல்லோரும் இப்படித்தான் மாமாவைக் கேலி பேசுகிறார்கள்.

இரண்டு வண்டிகள் பாக்கி நிற்கின்றன. சீக்கிரம் எழுது. அம்மாவுக்கு நல்லூருக்கு எழுதினால் நாங்கள் விசாரித்ததாகச் சொல். இங்கே வர வேண்டாம், வெயில் ஆரம்பித்துவிட்டது என்றும் சொல்.

அன்புடன் அக்கா


அம்பத்தூர்
20.3.1993

அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. மிளகுக்கு ஜே.

நீ சொல்கிற மாதிரி செய்ய இரண்டு வழி இருக்கிறது. கார் ஜாக்கியின் திருகை வைத்துக் கத்தரிக்கோல் போல விரிகிற மேசை ஒன்று. மலிவு. ஆனால் மேலே போகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். இன்னொன்று லாரி ஜாக்கி. பாட்டில் மாதிரி இருக்குமே, அது. அடியில் அதை வைத்து, நீளமான பிடி போட்டு அடித்தால் குழந்தைகூட புல்லட்டைத் தூக்கிவிடும். மேசையையும் கால்களையும் நானே செய்யலாம். கம்பெனியில் வெட்டி ஒதுக்கிய இரும்பு ஆங்கிள் துண்டுகள் கிடக்கின்றன. முதலாளியிடம் கேட்டேன். “எடைக்குப் போட்டதா நெனச்சுக்கறேன், எடுத்துக்கடா” என்றார். ஜாக்கிதான் செலவு. பழையது வாங்கி வாஷர் மாற்றிவிடுவேன்.

அளவு வேண்டும். மாமாவைச் செருப்பில்லாமல் நேராக நிற்கச் சொல்லி, தரையிலிருந்து இடுப்பு வரை டேப் வைத்துப் பார். மேசை இடுப்புக்கு ஓரடி கீழே நிற்க வேண்டும். அப்போதுதான் எஞ்சின் கைமட்டத்துக்கு வரும். கூடிப்போனால் தோள் வலி, குறைந்தால் முதுகு வலி. இதில் தவறினால் எல்லாம் வீண்.

உன் கடிதத்துக்குக் கீழே மாமா எப்போதும் இரண்டு வரி கிறுக்குவார். ‘மச்சான், மெட்ராஸ்ல மழையா’ என்றாவது இருக்கும். மூன்று மாதமாக அதைக் காணவில்லை. என்மேல் கோபமா?

பூபாலன்


விருத்தாசலம்
2.4.1993

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு தேறியது கேட்டு நிம்மதி. லாரி ஜாக்கி என்றே முடிவு செய்துவிடு. தரையிலிருந்து இடுப்பு வரை முப்பத்தாறு அங்குலம். இரண்டு முறை அளந்து பார்த்தேன். சரியாக இருக்கிறது.

மாமாவுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கையெல்லாம் கிரீஸ், கடிதம் பாழாகும் என்கிறார்.

நீ செய்து அனுப்பும் வரை நானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் செராமிக் கம்பெனியில் சூளை அடுக்குகிற வேலை பார்த்தேன் அல்லவா? சூளைக்குள் தட்டுகளைத் தாங்க, சுட்ட மண்ணில் கால்கள் வைப்போம். ஒரு சாண் உயரம், மணிக்கட்டு கனம். அந்த நெருப்பில் கப்பும் சாசரும் நிறைந்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவ்வளவு பாரத்தையும் அதுதான் தாங்கும். ஒரு கால் நொறுங்கி நான் பார்த்ததில்லை. இன்னும் அங்கே வேலை செய்கிற பாஞ்சாலையிடம் கேட்டேன். கழித்துப் போட்டதில் எட்டு கொடுத்தாள். “சீதனமாடி?” என்று சிரித்தாள்.

பழைய கதவுப் பலகையைத் தரையில் போட்டு, வண்டியை அதன்மேல் நிறுத்தி, கடப்பாரையால் ஒரு முனையை நெம்பிக் கால் கொடுத்து, அடுத்த முனையை நெம்பிக் கால் கொடுத்து, சூளையில் தட்டு ஏற்றுகிற மாதிரியே ஏற்றினோம். வண்டி முழங்கால் உயரம் வந்துவிட்டது. அசையாமல் நிற்கிறது. இனி முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். அதனால் நீ அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளாதே.

அன்புடன் அக்கா


அம்பத்தூர்
8.4.1993

அக்கா,

நலம் விசாரிக்க இதில் இடமில்லை. கடிதம் கிடைத்த நிமிஷமே அந்தக் கால்களை எடுத்துவிடு. சுட்ட மண் மேலிருந்து இறங்குகிற பாரத்தைத் தாங்கும். சூளைக்குள் யாரும் சுத்தியலால் அடிப்பதில்லை. ஷெட்டில் அடிப்பீர்கள். பக்கவாட்டில் ஒரு தட்டு போதும், ஒடிந்துவிடும். சக்கரத்தின் அச்சைத் தட்டிக் கழற்றும்போது என்ன ஆகும் என்று மாமாவுக்குத் தெரியாதா? அவர் எப்படி இதற்குச் சம்மதித்தார்?

இன்னொன்று. நீ அனுப்பிய முப்பத்தாறு அங்குலத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். மாயவன் அண்ணன் மாமா உயரம். கூப்பிட்டு நிறுத்தினேன். கோடு அவர் தொடையில் நிற்கிறது. மாமா நம் வீட்டு நிலையில் தலை இடிக்கும் என்று குனிந்து வருகிற ஆள். இது அவர் இடுப்பு இல்லை.

அந்த மேசைக்கு முன்னால் நிற்கப்போவது யார் அக்கா?

பூபாலன்


அம்பத்தூர்
30.4.1993

அக்காவுக்கு,

பதில் இல்லை. கோபமாக எழுதியிருந்தால் மன்னித்துவிடு. இந்தக் கார்டு போய்ச் சேர்ந்தும் பதில் வராவிட்டால் ரயிலேறி விடுவேன். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை மட்டுமாவது எழுது.

பூபாலன்


விருத்தாசலம்
6.5.1993

தம்பி,

கோபம் உன்மேல் இல்லை. விரல்கள் கட்டுப் போட்டிருந்ததால் எழுத முடியவில்லை. இப்போது எழுத வருகிறது.

நிற்கப்போவது நான்தான்.

போன கார்த்திகையில் உன் மாமா ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க வேப்பூர் ரோட்டில் போனார். கரும்பு ஏற்றிவந்த டிராக்டர் பின்னால் இடித்தது. லேசான அடி என்றுதான் உனக்கு எழுதினேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இனி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொங்கலுக்கு நாங்கள் எங்கும் போகவில்லை.

தெருவுக்கு அவர் அடிபட்டது தெரியும். கால் கொஞ்சம் சரியில்லை, உட்கார்ந்தபடி வேலை செய்கிறார் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இருக்கிற வாசலில் கட்டிலைப் போட்டிருக்கிறேன். அவர் படுத்தபடி சொல்வார், நான் செய்வேன். எந்த நட்டு, எந்த ஸ்பேனர், எத்தனை சுற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். “உன் தம்பிக்குத் தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு வந்து இங்க குந்திக்குவான். உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்ன நல்லூருக்கு இஸ்துக்கினு போயிடும். பொம்பள கை வெக்கிறான்னு தெரிஞ்சா ஒருத்தனும் வண்டிய வுட மாட்டான். நான் சொல்றேன், நீ செய்யி. ரெண்டு பேரும் சேந்தா ஒரு மெக்கானிக்கு” என்றார். நான் சத்தியம் செய்தேன். குனிந்து குனிந்து என் முதுகு விட்டுப்போய்விட்டது. இப்படியே போனால் இந்த வீட்டில் இரண்டு கட்டில் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் லிப்டு கேட்டேன்.

உன் கடிதம் வந்தது பன்னிரண்டாம் தேதி. வண்டி விழுந்தது பதினோராம் தேதி. தங்கதுரை சாருடைய புல்லட். பின்சக்கர அச்சு வரவில்லை. “கட்டையை வெச்சுத் தட்டு” என்றார். தட்டினேன். இரண்டாவது தட்டில் கால் ஒன்று கப்பு உடைகிற மாதிரி உடைந்தது. வண்டி என் பக்கம் சாய்ந்தது. வலது காலும் வலது கையும் அடியில் போய்விட்டன. பெட்ரோல் சேலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து கேட்டுக்கு வெளியே தங்கதுரை சார். “ரத்தினவேலு, என்னாய்யா சத்தம்? வண்டி ரெடியா?”

நான் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டேன். உன் மாமா கட்டிலிலிருந்து தரையில் விழுந்தார். முழங்கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தார். வந்துகொண்டே, எப்போதும் போலப் பெரிய குரலில், “அச்சு மக்கர் பண்ணுது சார்! நாளைக்குக் காலையில வாங்க, முடிச்சுடறேன்!” என்று கத்தினார். “சாயந்திரம் மீட்டிங் இருக்குதுய்யா.” “ஒரு நாளு பஸ்ஸுல போங்க சார், ஒடம்புக்கு நல்லது!” அவர் சிரித்துக்கொண்டே போனார். செருப்புச் சத்தம் தேயும் வரை நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அப்புறம் அவர் நெஞ்சைத் தரையில் கொடுத்து, கடப்பாரையைப் பலகைக்கடியில் செருகி நெம்பினார். நான் உருவிக்கொண்டேன்.

எலும்பு முறியவில்லை. மூன்று விரல்களும் கணுக்காலும் நசுங்கின. இரவெல்லாம் அவர் தரையில் கிடந்தபடி உதவ, நான் இடது கையால் வேலையை முடித்தேன். மறுநாள் காலை வண்டியைக் கொடுத்துவிட்டோம்.

நீ வர வேண்டாம். அம்மாவிடம் சொல்லாதே. லிப்டை மட்டும் அனுப்பு. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா


அம்பத்தூர்
12.5.1993

அக்காவுக்கு,

கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் வைத்துப் படித்தேன். மாயவன் அண்ணன் கிரைண்டரை நிறுத்திவிட்டுப் போய் டீ வாங்கி வந்தார். விரல்களை மடக்கி நீட்டிப் பழக்கு, இறுகிவிடும்.

மேசை பாதி முடிந்துவிட்டது. உன் முப்பத்தாறு அங்குலத்துக்குத்தான் செய்கிறேன். ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம். மடங்கினால் தரையோடு படுத்துக்கொள்ளும். வண்டியைத் தள்ளி ஏற்ற ஒரு சின்னத் தகடு போதும், மேடு கிடையாது. முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு கொக்கி வைக்கிறேன். ஜாக்கிக்கு நாலடி நீளப் பைப்பைப் பிடியாகப் போட்டிருக்கிறேன். அகல்யாவைவிடக் கொஞ்சம் பெரிய பையன் ஒருவனை விட்டு அடிக்கச் சொன்னேன், புல்லட் மேலே போயிற்று.

இதைக் கவனமாகப் படி. ஜாக்கி பழையது. ஆயில் எப்போது வேண்டுமானாலும் இறங்கும். அதனால் ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது. காலில் இரண்டு துளை போட்டிருக்கிறேன். மேல்துளை இரண்டடி உயரத்தில். அங்கே ஏற்றி, ஒரு இரும்புப் பின்னைச் செருகிவிட்டால் பாரம் பின்மேல் உட்காரும். நீ நிமிர்ந்து நின்று வேலை செய்யும் உயரம் அதுதான். நடுத்துளை ஓரடி உயரத்தில். அது சக்கரம் கழுவ, டயர் பார்க்க. மற்ற வேலைக்கு அது வேண்டாம், குனிய வேண்டிவரும். இரும்புப் பின், இரும்புத் துளை. மண் கிடையாது.

ஜூன் முதல் சனிக்கிழமை லாரியில் ஏற்றிக்கொண்டு வேப்பூர் வந்து, அங்கிருந்து டெம்போ பிடிக்கிறேன். வரவேண்டாம் என்று எழுதாதே, இதை மாட்ட ஆள் வேண்டும். மாமாவிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். ‘மழையா மச்சான்’ என்று அவர் கேட்டால் பதில் சொல்வேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குமேல் சத்தியம் கேட்காதே.

பூபாலன்


விருத்தாசலம்
3.7.1993

அன்புத் தம்பிக்கு,

நீ போன பிறகு மழை ஒன்று பெய்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அகல்யாவுக்குப் பல் முளைத்து உன் பெயர் சரியாக வருகிறது.

லிப்டு நன்றாக வேலை செய்கிறது. ஆயில் ஒழுகவில்லை. நீ சொன்னபடி பின் போடாமல் கை வைப்பதில்லை. ஜூனில் கரும்பு ஆபீஸ் வண்டி ஐந்தும் நாள் தவறாமல் போயிற்று. நடுத்துளையில் வைத்துத்தான் வேலை செய்கிறேன். அது போதுமாக இருக்கிறது.

உன் மாமா நன்றாகச் சாப்பிடுகிறார்.

வேறு விசேஷம் இல்லை. எங்கள் எல்லோருடைய அன்பும்.

அக்கா


அம்பத்தூர்
12.7.1993

அக்காவுக்கு,

சௌக்கியம் என்று படித்ததும் சந்தோஷம். ஒன்று மட்டும் புரியவில்லை. நடுத்துளையில் ஏன்? அது கழுவுவதற்கு என்று சொன்னேனே. அங்கே வைத்தால் பழையபடி குனிந்துதானே ஆக வேண்டும்? மேல்துளையில் பின் ஏறவில்லையா? துரு இருந்தால் கொஞ்சம் ஆயில் விட்டு அரத்தால் தேய். ஜாக்கி அந்த உயரத்துக்கு வராமல் நின்றுவிடுகிறதா? உள்ளதை எழுது. நான் செய்ததில் குற்றம் இருந்தால் வந்து சரிசெய்கிறேன்.

பூபாலன்


விருத்தாசலம்
21.7.1993

மச்சான் பூபாலனுக்கு,

ரத்தினவேல் எழுதுவது. மெட்ராஸில் மழையா? உன் கடிதத்தை உன் அக்கா எடுத்து வைத்துவிட்டாள், பதில் போடவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். படுத்தபடி எழுதுவதால் வரி கோணும்.

உன் மேசையில் குற்றம் ஒன்றும் இல்லை. பின் வெண்ணெய் மாதிரி ஏறுகிறது. முதல் வாரம் அவள் மேல்துளையில் வைத்துத்தான் வேலை செய்தாள். நிமிர்ந்து நின்று, வளையல் சத்தம் கேட்க, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு செய்தாள். எனக்குக் கட்டிலிலிருந்து மேசையின் அடித்தகடும் அவள் முழங்கையும்தான் தெரிந்தன. முன்னே வண்டி தரையில் நிற்கும்போது எஞ்சின் என் கண்ணுக்கு நேரே இருக்கும், ஒவ்வொரு நட்டாகச் சொல்வேன். இப்போது சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒருநாள் எஞ்சின் வால்வுக்கு டேப்பட் இடைவெளியை அவளே சரியாக வைத்துவிட்டு, “முடிஞ்சுதுங்க” என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வேளை சாப்பாட்டைத் தள்ளிவிட்டேன். மறுநாள் மேசை நடுத்துளையில் நின்றது. மறுபடி, “இதுவாங்க? இப்பிடியாங்க?” என்று ஒவ்வொன்றையும் கேட்க ஆரம்பித்தாள். எனக்கும் சோறு இறங்கியது.

அன்றிலிருந்து அவள் குனிந்துதான் வேலை செய்கிறாள். சாயந்திரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வளைந்தபடியே நிற்கிறாள். “என்னாடி, முதுகா?” என்றால், “இல்லீங்க, கொலுசு திருகாணி வுழுந்துட்டுது, தேடறேன்” என்கிறாள். அவள் கொலுசு போட்டு ஆறு வருஷம் ஆகிறது. “மேல ஏத்துடி” என்றால், “மேல பின்னு புடிக்க மாட்டேங்குது” என்கிறாள். அந்தப் பின் எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

கட்டிலை உயர்த்தலாமே என்பாய். யோசித்தேன். உயரக் கட்டிலிலிருந்து என்னால் தானாக இறங்க முடியாது. கொல்லைப்பக்கம் கையூன்றிப் போய்வருவது ஒன்றுதான் நானாகச் செய்கிற வேலை. அதற்கும் அவளைக் கூப்பிட மாட்டேன். உத்தரத்தில் கண்ணாடி கட்டிப் பார்த்தோம். அதில் இடம் வலமாகத் தெரிகிறது. இறுக்கு என்று சொல்ல வேண்டியதைக் கழற்று என்றும், கழற்றுவதை இறுக்கு என்றும் சொல்லி ஒரு போல்ட்டை முறித்தோம்.

போன வாரம் தங்கதுரை சார் வந்தார். கேட்டைத் திறந்து அவரை உள்ளே வரச் சொன்னேன். கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டார். “சார், வண்டி எப்பிடி ஓடுது?” என்றேன். “முன்னைக்கு இப்ப தேவலாம்” என்றார். “அது எம் பொண்டாட்டி கை சார். ஆறு மாசமா அவதான்” என்றேன். அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த வாரம் ஐந்தில் இரண்டு வண்டிதான் வந்திருக்கிறது. மற்ற மூன்றும் வருமா, தெரியாது. இரண்டு வந்திருக்கிறது.

எனக்கு ஒரு உதவி செய். சனிக்கிழமை வந்து அந்த நடுத்துளையை வெல்டு வைத்து அடைத்துவிடு. தரையில் வைத்துச் செய்ய அவள் முதுகு விடாது. நடுவில் நிற்க இடமில்லை என்றால் மேலேதான் போயாக வேண்டும். வெல்டிங் செட்டு ஜங்ஷன் பக்கத்து லேத்துப் பட்டறையில் வாடகைக்கு எடுக்கலாம், ராடு மட்டும் நீ கொண்டு வா. நான் பார்க்காவிட்டால் போகிறது. எஞ்சின் ஓடும்போது கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன். சில சத்தம் பிடிபடுகிறது, சிலது பிடிபடவில்லை. பழக வேண்டும்.

அவள் பத்து மணிக்கு ரேஷன் கடைக்குப் போவாள். அவள் திரும்புவதற்குள் முடித்துவிடலாம். வந்து பார்த்து இரண்டு பேரையும் திட்டுவாள். திட்டட்டும். நிமிர்ந்து நின்று திட்டட்டும்.

உங்கள் அம்மாவுக்கு நானே எழுதிவிட்டேன்.

உன் மாமா
ரத்தினவேல்